துள்ளும் எழுத்து வந்த வழி

தமிழில் குறும்பு எழுத்துகள் தூரிகையில்தான் பிறந்தன. பழைய அச்சகங்களில் தலைப்புக்கேற்ற பெரிய எழுத்துகள் சில தினுசுகளே இருக்கும். அதனால் தொடர்கதையின் பெயரை ஓவியரே எழுதித் தருவார்; அதை பிளாக் செய்து அச்சேற்றுவார்கள். பேய்க்கதையென்றால் எழுத்து நடுங்கும், நகைச்சுவையென்றால் ஆடும். சினிமா விளம்பரமும் கடைப் பலகையும் இதே தூரிகை வழி வந்தவைதான்.

உலோகத்தில் இந்தத் துள்ளல் எளிதில் ஏறவில்லை. அச்செழுத்து என்பது காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்த வார்ப்பு. 1942-இல் ராபர்ட் ஸ்மித் வரைந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்', ஆங்கிலத் தூரிகை எழுத்தை வார்ப்பில் கொண்டுவந்தது. ஆனால் 247 எழுத்துள்ள தமிழுக்கு, விளையாட்டு எழுத்துக்கென்று தனி அச்சு வார்ப்பது செலவு பிடிக்கும் காரியம்.

கணினி வந்ததும் அந்தச் செலவு குறைந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். 1991-இல் யூனிகோடில் தமிழ் இடம்பெற்றது. பின்னர் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் 'கவிவாணர்', எக் டைப் குழுவின் 'பலூ தம்பி' போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் வந்தன. பதாகைக்கும் கடைப் பலகைக்கும் யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

ஆனால் எழுத்துருவை வரைபவருக்கு வேலை மட்டும் குறையவில்லை. தூரிகைக் கோடு தடித்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும்; 'ண' எது, 'ன' எது என்று கண் தடுமாறும். புள்ளி சிறுத்தால் மெய்யெழுத்து தொலையும். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் 18 மெய்க்கும் 36 வடிவங்களைத் தனித்தனியே வரைய வேண்டும். அத்தனையும் துள்ள வேண்டும். அத்தனையும் ஒரே கை எழுதியதாகத் தெரிய வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு உருவான எழுத்து மலேசியாவின் கமுந்திங்குக்கோ தைப்பிங்குக்கோ வந்து சேரும்போது, பேனர் அடிக்கும் கடையில் கணினி முன் இருப்பவர் தமிழ் அறியாத மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். அவருடைய வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய ஒரு குறியீட்டில் தட்டிய வாசகத்துக்கு வேறொரு பழைய குறியீட்டின் எழுத்துருவைப் போட்டால் எல்லாமே குப்பையாகும். அவர் கண்ணுக்கு இரண்டும் அழகான தமிழ்தான். குற்றம் அவருடையதல்ல, சரிபார்க்காமல் தலையாட்டிவிட்டு வரும் நம்முடையது.

ஆகவே கோயில் திருவிழாவுக்கோ பள்ளி விளையாட்டுப் போட்டிக்கோ பேனர் அடிக்கக் கொடுத்தால், அச்சுக்குப் போகும் முன் மாதிரியை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.