ஒப்பந்தம் வேற, ஒத்துப்போறது வேற

எங்க கொல்லையில் ஒரு கிணறு இருக்கிறது. தாத்தா காலத்தில் வெட்டியது. பாகம் பிரிச்சப்ப, "கிணறு பொது, ஆளுக்குப் பாதி" என்று பத்திரத்தில் எழுதி நானும் என் தம்பியும் கையெழுத்துப் போட்டோம். எல்லாம் சரியா இருக்குன்னுதான் நினைச்சேன். நாலு வருஷம் கழிச்சு மழை ஏமாத்திடுச்சு. மல்லாட்டை பூ விடுற சமயம். என் முறையன்னிக்கு அவன் மோட்டார் ஓடுது. வாய்ச்சண்டை வளர்ந்து, ரெண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லாமல் போச்சு. ஊர்ப் பெரியவர் ஒருத்தர், எனக்கு மாமா முறை, ஒரு நாள் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் ஒப்பந்தம் பண்ணிக்கிட்டீங்க. ஒத்துக்கவே இல்லையேப்பா."

அந்தப் பேச்சு மனசில் தைச்சிடுச்சு. பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் ஒரே பொருள் தரும் சொற்கள் என்று மனப்பாடம் பண்ண வைத்தார்கள். ஒப்பந்தம், உடன்படிக்கை, இசைவு, சம்மதம், இணக்கம், ராஜி. ஆனால் ஊர்ப் பேச்சில் ஒண்ணு இருக்கிற இடத்தில் இன்னொண்ணு உட்காராது. பொண்ணு கொடுக்கிறதுக்குக் கேட்பது சம்மதம். கோர்ட்டு வழக்கை முடித்துக்கொள்வது ராஜி. இதில் யாரோ ஒருத்தர் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பார் என்று சொல்லாமலே புரியும். மருமகள் மாமியாரோடு இணங்கிப் போறாள் என்போம். ஒப்பந்தம் போட்டாள் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

பழைய கல்வெட்டுகளைப் பார்த்தால் இதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன. சோழர் காலத்தில் ஊர்ச் சபையார் ஒரு தர்மத்தை நடத்திக்கொடுக்கச் சம்மதித்தால் "இசைவு தீட்டு" எழுதிக் கொடுப்பார்கள். இந்தத் தீட்டு நாம் இப்போது சொல்கிற தீட்டு இல்லை. தீட்டுவது என்றால் எழுதுவது. இசைந்ததை எழுதினது இசைவு தீட்டு. "ஒட்டிக் கொடுத்தோம்" என்றும் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாங்கன்றில் ஒட்டுக் கட்டுறோமே, அதே ஒட்டுதான். ரெண்டு கிளையும் ஒண்ணாகிப் பால் ஓடினால்தான் ஒட்டு பிடிச்சதுன்னு அர்த்தம். கயிறு மட்டும் கட்டி வைத்தால் காய்ஞ்சு போகும்.

அப்புறம் வெள்ளைக்காரன் காலம். 1865ஆம் வருஷத்து மதராஸ் சட்டப்படி ஜமீன்தார் குடியானவனுக்குப் பட்டா தரணும், குடியானவன் பதிலுக்கு முச்சலிக்கா எழுதித் தரணும். முச்சலிக்கா என்றால் ஒப்புக்கொண்டு எழுதிய சீட்டு. வெளியூரிலிருந்து வந்த சொல். காகிதத்தில் ரெண்டு பேரும் சமம் மாதிரி தெரியும். ஆனால் கையில் எழுத்தில்லாதவன் ரேகை வைக்கிறதை எந்தக் கணக்கில் சம்மதம் என்பது?

பெரிய சங்கதிக்கு வருவோம். காவிரிக்கு மதராசும் மைசூரும் 1892இல் ஓர் ஒப்பந்தம், 1924இல் இன்னொண்ணு போட்டன. 50 வருஷம் கழித்துச் சில பகுதிகளைத் திரும்பப் பார்க்கலாம் என்று இரண்டாவதில் இருந்தது. 1974 வந்ததும் ஒரு பக்கம் "காலம் முடிஞ்சுது" என்றது, இன்னொரு பக்கம் "முடியலை" என்றது. 1990இல் நடுவர் மன்றம், 2007இல் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று அளந்து சொல்லியாச்சு. இன்னிக்கும் மழை குறைஞ்ச வருஷமெல்லாம் சண்டை. நிறைஞ்ச வருஷத்தில் யாருக்கும் ஒப்பந்தம் ஞாபகம் வர்றதில்லை. எங்க கிணத்துக் கதையும் இதேதான், அளவுதான் சின்னது.

ஒத்துப்போன கதையும் எங்க பக்கத்திலேயே இருக்கிறது. இரும்பையிலிருந்து புதுச்சேரி கூப்பிடு தூரம். அன்னிக்கு எங்க ஊர் மதராஸ் ராஜ்ஜியம், அது பிரெஞ்சுக்காரன் சீமை. எல்லை கோடு போட்ட மாதிரி நேரா போகாது. அங்கங்கே துண்டு துண்டா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கும். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். மூணு நாளில் இரண்டு அரசும் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டு, நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் முறையான உடன்படிக்கை 1956 மே 28இல்தான் கையெழுத்தானது. அதைப் பிரான்சு ஏற்றுச் சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல்.

எனக்கு இதில் பிடித்தது அந்த வரிசை. முதலில் ஜனங்கள் பக்கத்துச் சம்மதம், அப்புறம் உடன்பாடு, கடைசியில் காகிதம். காகிதம் வர எட்டு வருஷம் ஆச்சு, ஆனாலும் ஒண்ணும் கெட்டுப்போகலை. வேண்டாம் என்ற 8 பேரையும் எண்ணிக் கணக்கில் வைத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்றவர்களுக்கு அதைத் தேர்ந்துகொள்ள ஆறு மாதம் தந்தார்கள். மாறுபட்டவனுக்கும் இடம் விட்டதால்தான் அது இசைவு.

இசைவு என்ற சொல்லில் இசை இருக்கிறதைக் கவனித்திருக்கிறீர்களா? எங்க ஊர்க் கோயில் திருவிழாவில் மேளம் வரும்போது சின்ன வயசில் நான் பார்த்தது ஒத்துக்காரரை. நாதஸ்வரம் மாதிரியே குழல், ஆனால் ராகம் வாசிக்க முடியாது. ஒரே சுரத்தை மூச்சு விடாமல் பிடிச்சுக்கிட்டு நிற்பார். இப்ப அந்த வேலையைச் சுருதிப் பெட்டி செய்யுது. அதை வைத்துத்தான் "ஒத்து ஊதுறான்" என்று கேலியா சொல்றோம். ஆனால் அந்த ஒத்து இல்லாவிட்டால் பெரிய வித்வானுக்கே சுருதி நிற்காது. ஒத்து ஊதுறவன் தன் சுரத்தை விடலை. அடுத்தவர் சுரத்தையும் அமுக்கலை.

நானும் தம்பியும் பத்திரத்தைத் திருத்தலை. "பாதி" என்று எழுதினது அப்படியேதான் இருக்கு. மாமா முன்னால் வாய்வார்த்தையா ஒண்ணு மட்டும் பேசிக்கிட்டோம்: காயற பயிருக்கு முதல் தண்ணி, அது யார் பயிரா இருந்தாலும். போன கோடையில் அவன் கத்திரி வாடினப்ப என் முறையை விட்டேன். மனசு கொஞ்சம் வலிச்சது உண்மை. அன்னிக்குச் சாயங்காலம், ரெண்டு வருஷத்துக்கு அப்புறம், "அண்ணே, டீ குடிக்கப் போலாமா?" என்று கேட்டான்.

இதுக்கு என்ன சொல்லு போடறதுன்னு எனக்குத் தெரியலை. மாமா "ஒத்துக்கிட்டானுங்க" என்றார். அதுவே போதும்.