டில்லியில் வென்ற கோப்பை

1940ஆம் ஆண்டு என்றதும் வரலாறு பயின்றோர் நினைவுக்கு வருவன அரசியல் நிகழ்ச்சிகளே. மார்ச்சுத் திங்களில் லாகூரில் முஸ்லிம் லீக் நிறைவேற்றிய தீர்மானம், அக்டோபரில் காந்தியடிகள் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகம், ஐரோப்பாவில் மூண்டு நம் நாட்டையும் தன்னுள் இழுத்துக்கொண்ட போர் ஆகியவற்றை வரலாற்று நூல்கள் விரிவாகவே எழுதியுள்ளன. அதே ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் புதுடில்லியில் ஒரு கால்பந்தாட்டம் நடைபெற்றது. கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் இங்கிலாந்தின் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்று டூரண்ட் கோப்பையைக் கைப்பற்றியது. அந்தக் கோப்பையை அதற்கு முன் இந்தியக் குழு எதுவும் வென்றதில்லை. நம் இல்லங்களில் இளைஞர்கள் அறிந்திருக்கவேண்டிய இந்நிகழ்ச்சியையும், அது எழுப்பிய ஒரு வினாவையும் இங்கே ஆராய விழைகிறோம்.

கோப்பை பிறந்த கதை

டூரண்ட் கோப்பைப் போட்டி 1888ஆம் ஆண்டு சிம்லாவில் தொடங்கப்பெற்றது. அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளிவிவகாரச் செயலாளராக இருந்த சர் மார்ட்டிமர் டூரண்ட் அதனை நிறுவினார். ஆசியாக் கண்டத்தில் நடைபெறும் கால்பந்துப் போட்டிகளுள் இதுவே மிகப் பழமையானது. மலைச்சரிவுகளுக்கு நடுவே சமதளமாக அமைந்த அன்னன்டேல் மைதானத்தில் முதற்போட்டி நிகழ்ந்தது. ராயல் ஸ்காட்ஸ் பியூசிலியர்ஸ் என்னும் படைப்பிரிவு வென்றது.

இந்த டூரண்ட் யாரென்று நம்மில் பலர் வேறொரு வகையில் அறிவோம். 1893ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தான் அமீர் அப்துர் ரஹ்மானுடன் உடன்படிக்கை செய்து, பட்டாணியர் வாழும் மலைநாட்டின் ஊடே எல்லை வகுத்தவர் அவரே. அது இன்றும் டூரண்ட் கோடு என்றே வழங்கப்பெறுகிறது. நாடுகளைப் பிரித்த கோட்டுக்கும் நாட்டவரை ஒன்றுகூட்டிய கோப்பைக்கும் ஒரே பெயர் அமைந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

தொடக்கத்தில் இப்போட்டி வெள்ளையர் படையினருக்கான பொழுதுபோக்காகவே இருந்தது. ஹைலேண்ட் லைட் இன்பன்ட்ரி 1893 முதல் 1895 வரையும், பிளாக் வாட்ச் 1897 முதல் 1899 வரையும் மும்மூன்று முறை தொடர்ந்து வென்றன. மும்முறை தொடர்ந்து வென்றவர் கோப்பையைத் தமக்கே உரிமையாக்கிக்கொள்ளலாம் என்னும் விதிப்படி அவை இரண்டு கோப்பைகளை எடுத்துச் சென்றன. பின்னர் வந்த மூன்றாவது கோப்பைதான் நிலையான சுழற்கோப்பையாயிற்று. முதல் உலகப்போரினால் 1914 முதல் 1919 வரை போட்டி நின்றது. 1940க்கு முன் கோப்பையை வென்றவை யாவும் பிரிட்டிஷ் படைப்பிரிவுகளே. ஆள்வோர் தமக்குள் ஆடித் தமக்குள் பகிர்ந்துகொண்ட பரிசு அது.

கல்கத்தா மைதானத்தில்

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1891ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிறுவப்பெற்றது. அதன் முதல் நாற்பது ஆண்டுகள் பெரிதும் பேசப்படாதவை. இந்தியர் கால்பந்தாட்டத்தில் வெள்ளையரை வெல்லக்கூடும் என்று நிறுவிய பெருமை மோகன் பகான் கழகத்தையே சாரும். 1911 ஜூலை 29ஆம் நாள் அக்குழுவினர் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது வங்கமே எழுந்து ஆரவாரித்தது. அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தும் கல்கத்தா லீக் பட்டம் எந்த இந்தியக் குழுவுக்கும் கிட்டவில்லை.

முஹம்மதன் கழகம் 1934ஆம் ஆண்டுதான் லீக்கின் முதற்பிரிவில் ஆடத் தொடங்கிற்று. புதிதாய் நுழைந்த அவ்வாண்டிலேயே பட்டத்தை வென்றது. லீக் பட்டம் வென்ற முதல் இந்தியக் குழு என்னும் சிறப்பு அதற்கு வாய்த்தது. அதோடு நில்லாமல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அப்பட்டத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1936இல் லீக்குடன் ஐ.எஃப்.ஏ. கேடயமும் சேர்ந்தது.

இவ்வெற்றிக்குக் காரணங்கள் யாவை? உணர்ச்சி மட்டும் கோல் போடுவதில்லை. கழகத்தார் இரண்டு காரியங்களைத் திட்டமிட்டுச் செய்தனர்.

முதலாவது, வீரர்களைத் தேர்ந்தெடுத்த முறை. அந்நாளில் கல்கத்தாக் கழகங்கள் பெரும்பாலும் வங்காளத்து வீரர்களையே நம்பியிருந்தன. முஹம்மதன் கழகமோ திறமை எங்கிருந்தாலும் தேடிச் சென்றது. குவெட்டாவிலிருந்து பின்காப்பு வீரர் ஜும்மா கான் வந்தார். பெங்களூரிலிருந்தும் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்தும் வீரர்கள் வந்தனர். உஸ்மான் ஜான் கோலைக் காத்து நின்றார். பல மொழி பேசுவோர் ஒரே சீருடையில் ஆடிய காட்சி கல்கத்தாவுக்குப் புதியது.

இரண்டாவது, பூட்ஸ். இந்திய வீரர்கள் வெறுங்காலுடன் ஆடுவதே அக்காலத்து வழக்கம். உலர்ந்த தரையில் வெறுங்கால் விரைவையும் நுட்பத்தையும் தரும். ஆனால் கல்கத்தா லீக் நடப்பதோ மழைக்காலத்தில். சேறு படிந்த மைதானத்தில் வெறுங்கால் வழுக்கும்; பூட்ஸ் அணிந்த வெள்ளையர் நிலைத்து நிற்பர். தரை ஈரமானபோது பூட்ஸ் அணிந்து ஆட முஹம்மதன் வீரர்கள் பழகிக்கொண்டனர். எதிரியின் வலிமை எதில் இருக்கிறது என்று ஆராய்ந்து அதனைத் தமதாக்கிக்கொண்ட அறிவுடைமை இது.

அதே கழகத்தைச் சேர்ந்த முஹம்மது சலீம், 1936இல் ஸ்காட்லாந்து சென்று புகழ்பெற்ற செல்டிக் கழகத்துக்காக வெறுங்காலில் துணி சுற்றிக்கொண்டு ஆடி அங்குள்ளோரை வியப்பில் ஆழ்த்தியதையும் இங்கே குறிப்பிடவேண்டும். வெறுங்காலின் நுட்பத்தையும் பூட்ஸின் உறுதியையும் ஒருங்கே அறிந்த கழகம் அது.

இவ்வெற்றிகள் வங்க முஸ்லிம்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய எழுச்சி பெரிது. கல்வியிலும் அரசுப் பணியிலும் பின்தங்கியவர் என்று பிறர் சொல்லக் கேட்டுக் கேட்டு, தாமும் அதனையே நம்பத் தொடங்கியிருந்த மக்கள் அவர்கள். கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் கழகத்தை வாழ்த்திக் கவிதையே எழுதினார்.

1940ஆம் ஆண்டுப் பருவம்

1939இல் லீக் பட்டம் மோகன் பகானுக்குச் சென்றது. மறு ஆண்டே முஹம்மதன் கழகம் அதனை மீட்டது. பிறகு பம்பாய் சென்று ரோவர்ஸ் கோப்பைப் போட்டியில் கலந்துகொண்டது. இறுதியாட்டத்தில் அதனை எதிர்த்து நின்றது பெங்களூர் முஸ்லிம்ஸ் குழு. இக்குழுவைப் பற்றித் தென்னாட்டவராகிய நாம் பெருமையுடன் ஒரு சொல் கூறவேண்டும். 1937இல் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்தியக் குழு இதுவே. அவ்வாண்டு இறுதியில் இதனிடம் தோற்றது முஹம்மதன் ஸ்போர்ட்டிங்! 1938இலும் பெங்களூர்க் குழுவே வென்றது. 1940இல் முஹம்மதன் கழகம் ஒரு கோல் போட்டுப் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

எஞ்சியிருந்தது டூரண்ட் கோப்பை. அதுகாறும் சிம்லாவின் குளிரில் நடந்து வந்த போட்டி அவ்வாண்டுதான் புதுடில்லிக்கு மாற்றப்பெற்றது. பவநகர் மகாராஜாவின் நன்கொடையால் 1933இல் எழுந்த இர்வின் ஆம்பி தியேட்டரில் இறுதியாட்டம் நடந்தது. பின்னாளில் நேஷனல் ஸ்டேடியம் என்றும், 2002 முதல் தியான் சந்த் பெயராலும் வழங்கும் அரங்கம் அதுவே. மலையுச்சியில் அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தாரும் கண்டுகளித்த ஆட்டம், தலைநகரத்துப் பொதுமக்கள் கண்முன் வந்து சேர்ந்தது.

எதிரில் நின்ற ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவு சாமானியமானதன்று. பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய பழம்பெரும் படை அது. பின்னர் எல் அலமைன் போரில் புகழ்பெற்ற மாண்ட்கோமரி இளம் அதிகாரியாகப் பணிதொடங்கியது அப்படையில்தான். அத்தகைய குழுவுக்கு எதிராக முஹம்மதன் கழகத்தின் ஹாபிஸ் ரஷீதும் சாபுவும் ஆளுக்கொரு கோல் போட்டனர். எதிர்த்தரப்பு ஒரு கோலுடன் நின்றது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆள்வோரின் கையைவிட்டு அகலாத கோப்பை முதன்முறையாக இந்தியர் கைக்கு வந்தது.

அன்று நடுவராகப் பணியாற்றியவர் கேப்டன் ஹர்நாம் சிங். டூரண்ட் இறுதியாட்டத்துக்கு நடுவராய் நின்ற முதல் இந்தியர் அவர். ஒரு பக்கம் ஆள்வோரின் படை, மறுபக்கம் ஆளப்படுவோரின் குழு. நடுவே ஊதுகுழலுடன் ஓர் இந்தியர். ஆங்கிலப் படைவீரர்கள் அவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு ஆடினர். கோப்பையை வென்றதற்கு இணையான சிறப்பு இதற்கும் உண்டு என்பது எம் கருத்து.

யாருடைய வெற்றி?

இனி அந்த வினாவுக்கு வருவோம். இது ஒரு சமுதாயத்தின் வெற்றியா, நாட்டின் வெற்றியா?

வினா அன்றே எழுந்தது. அதே டிசம்பரில், இறுதியாட்டத்துக்குச் சில நாள் முன்னர், பம்பாயின் பென்டாங்குலர் கிரிக்கெட் போட்டியைப் பற்றி இந்து ஜிம்கானாவினர் காந்தியடிகளின் கருத்தை அறிய வார்தா சென்றனர். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர், ஏனையோர் எனச் சமயம் பற்றியும் இனம் பற்றியும் குழு பிரித்து ஆடுவதைத் தம்மால் ஏற்க இயலவில்லை என்று காந்தியடிகள் கூறினார். கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடப்பதில் பொருள் உண்டு. சமயங்களுக்கு இடையே எதற்கு என்பது அவர் வாதம். முஹம்மதன் கழகத்தைப் பற்றி அவர் பேசவில்லை. எனினும் அவ்வாதம் கழகத்தையும் தொடாமல் விடாது.

அவர் அச்சம் வீண் அச்சமன்று. மைதானத்தின் பகை வீதிக்கு வந்த நாள்கள் உண்டு. கழகத்தின் புகழை அரசியல் மேடைகளில் விலையாக்கியோரும் உண்டு. இவற்றை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். இக்கழகம் பிறந்த காலத்தில் கல்கத்தாவின் கழகங்கள் பலவும் சமூக வட்டங்களாகவே இருந்தன. வெள்ளையர் கழகங்களில் இந்தியருக்கு இடமில்லை. ஒதுக்கப்பட்டோர் தமக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொள்வது பகையாகாது. மேலும் அது சென்று மோதியது எதனுடன்? ஆள்வோரின் கோட்டையாய் இருந்த கோப்பையுடன். அதனை உடைத்துத் திறந்தபின், 1950இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் குழுவும் பின்னர் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அதே வாயில் வழியாக நுழைந்தன.

மார்க்கத்தின் நோக்கில் பார்ப்போம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும், பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை அனுமதித்ததும் நாம் அறிந்தவை. நல்ல விளையாட்டுக்கு இஸ்லாம் எதிரியன்று. அதே பெருமானார் குலவெறியாகிய அஸபிய்யத்தைக் கண்டித்தார்கள். தன் மக்களை நேசிப்பதே அஸபிய்யத் ஆகிவிடுமோ என்று தோழர் ஒருவர் கேட்டபோது, நேசிப்பது அதுவன்று, அநீதியில் தன் மக்களுக்குத் துணை நிற்பதே அது என விளக்கியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். எம் வினாவுக்கு விடை இதனுள் அடங்கியிருக்கிறது. தன்னவர் வென்றபோது மகிழ்வது இயல்பு. பிறர் தோற்றதற்காக அவரை இகழ்வது இழிவு. 1940இன் வெற்றியை முதல் வகையில் கொண்டாடியவர்கள் அதற்குப் பெருமை சேர்த்தனர். இரண்டாம் வகையில் கொண்டாடியவர்கள் அதனைச் சிறுமைப்படுத்தினர்.

பின்னர் நிகழ்ந்தவை

1941 முதல் 1949 வரை டூரண்ட் போட்டி நடைபெறவில்லை. 1947இல் நாடு பிரிந்தது. குவெட்டாவும் பெஷாவரும் எல்லைக்கு அப்பால் போயின. எங்கெங்கிருந்தோ வீரர்களைத் திரட்டிய கழகத்தின் ஊற்றுக்கண்களில் சில அடைபட்டன. டூரண்ட் வகுத்தது போலவே மேலும் ஒரு கோடு கிழிக்கப்பட, அவர் பெயர் தாங்கிய கோப்பையை வென்றவர்களின் உலகம் இரண்டாயிற்று. எனினும் கழகம் மடியவில்லை. 1948இல் மீண்டும் லீக் பட்டம் வென்றது. பின்னாளில் எல்லாச் சமயத்து வீரர்களுக்கும் தன் கதவைத் திறந்தது. 1940இல் ஏற்றிருந்த பெயரை மாற்றாமலே தன் உள்ளத்தை அகலமாக்கிக்கொண்டது.

நம் மாநிலத்துக்கும் இக்கோப்பையில் பங்குண்டு. நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் குழு 1955இலும் 1958இலும் அதனை வென்றது.

முஹம்மதன் கழகம் டூரண்ட் கோப்பையை இரண்டாம் முறை கைக்கொள்ள எழுபத்து மூன்று ஆண்டுகள் காத்திருக்கவேண்டியிருந்தது. 2013இல், அதே டில்லி மாநகரில், ஓ.என்.ஜி.சி. குழுவை அதே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. அன்று அதன் சீருடையில் ஆடியோர் பல சமயத்தினர். அவர்கள் அனைவரும் 1940இன் வாரிசுகளே.

பின்தங்கிய சமுதாயம் முன்னேற வழி என்ன என்று நம் மேடைகளில் ஓயாது பேசுகிறோம். கழகத்தார் காட்டிய வழி எளியது. குறையைச் சொல்லிப் புலம்பாமல் திறமை இருக்குமிடம் தேடிச் சென்றனர், வென்றவரிடமிருந்து கற்றனர், நடுவரின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு ஆடினர். நம் பிள்ளைகள் பள்ளி மைதானத்துக்குப் பந்தை எடுத்துச் செல்லும்போது இம்மூன்றையும் அவர்களுக்குச் சொல்லி அனுப்புவோமாக.