சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லா வான்வழி

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் 15,349 கி.மீ. இந்த வழியில் எங்கும் இறங்காமல் செல்லும் சேவையை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பர் 9 அன்று தொடங்கியது. அன்று உலகின் மிக நீண்ட பயணிகள் விமானச் சேவை அதுவே. அட்டவணைப்படி பயண நேரம் சுமார் 18 மணி 40 நிமிடம். பருவத்துக்கேற்பச் சற்றுக் கூடும், குறையும்.

15,349 என்பது உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த கணக்கு. இரு நிலையங்களின் தீர்க்கரேகைகளுக்கும் இடையே ஏறக்குறைய 178 பாகை வித்தியாசம். அரைவட்டத்துக்கு இரண்டே பாகை குறைவு. அதனால் அந்த நூல் வடதுருவத்திலிருந்து 300 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் செல்கிறது. சுவரில் தொங்கும் உலகப்படத்தைப் பார்த்து இதை யாரும் ஊகிக்க முடியாது.

விமானம் அந்த நூலை அப்படியே பின்பற்றுவதில்லை. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். அதை முதுகில் வாங்கிக்கொண்டால், சுற்றுவழியே சீக்கிரம் கொண்டுசேர்த்துவிடும். ஆகவே நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் பசிபிக்கைக் கடக்கிறது. திரும்பும் விமானமோ பல நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாக வருகிறது. இரண்டும் கிழக்கு நோக்கியே! போய்வந்தவர் தமக்குத் தெரியாமலே பூமியை ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார்.

தூரத்தை அட்டவணை நேரத்தால் வகுத்தால் மணிக்கு 820 கி.மீ. அளவில் வரும். வானில் விமானத்தின் வேகம் சுமார் 900 கி.மீ. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, சுற்றுவழி, காற்றின் போக்கு எல்லாம் அட்டவணை நேரத்தில் அடக்கம்.

இதே நிறுவனம் 2004இல் நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நூவர்க் விமான நிலையத்துக்கு நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தை விட்டது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தியது. 2018இல் அச்சேவைக்கு மறுவாழ்வு தந்தது இரண்டு எஞ்சின் ஏ350-900யுஎல்ஆர். எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர். எடையைக் குறைக்க முன்பக்கச் சரக்கறை பயன்படுத்தப்படுவதில்லை. இருக்கைகள் 161தான்: பிசினஸ் வகுப்பு 67, பிரீமியம் எகானமி 94, சாதாரண எகானமி கிடையாது. வால்பக்கம் விமானத்தின் உடல் குறுகுவதால், கடைசி மூன்று வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் உள்ளன. எழுந்து போக யாரிடமும் வழி கேட்க வேண்டாம். இவ்வளவு நீண்ட பயணத்தில் அது சின்ன வசதி அல்ல.

நியூயார்க் நேரம் சிங்கப்பூரைவிடக் குளிர்காலத்தில் 13 மணி, கோடையில் 12 மணி பின்தங்கியது. ஜனவரியில் திங்கள் நண்பகல் சாங்கியில் கிளம்புபவர் அதே திங்கள் மாலை 5.40 அளவில் நியூயார்க்கில் இறங்குவார். அங்கே திங்கள் நண்பகல் ஏறுபவருக்கோ செவ்வாய் இரவு எட்டு மணி வாக்கில்தான் சாங்கி.