‘இளையன்’ என்னும் இகழ்ச்சி: புறநானூறு 104 காட்டும் அதியமான்

ஆய்வுச்சுருக்கம்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்று 104ஆம் பாடல் ஆறடிகளால் ஆனது. பகைவருக்கு விடுக்கும் எச்சரிக்கையாக அமைந்த இப்பாடலில் இளமை, அதிகாரம் ஆகியவை குறித்த கருத்தொன்றும் உட்பொதிந்துள்ளதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, ஔவையார், அதியமான், தகடூர், இளமை.

முன்னுரை

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருட்டிணகிரி மாவட்டமும் அதியமான் மரபோடு சேர்த்தே பேசப்படும் நிலப்பகுதியாகும். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரரையும் குறிக்கிறது. திருக்கோவலூருக்கு அருகிலுள்ள சம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயரைச் ‘சதியபுதோ’ என்னும் அடையுடன் தருகிறது. எனவே, வேந்தருக்கு அடங்காது தனித்து நின்ற ஒரு மரபின் பின்னணியில் இப்பாடலை வாசிப்பது பொருந்தும்.

உவமையின் அமைப்பு

ஊர்ச் சிறுவர் விளையாடுவதால் கலங்கும் அளவே ஆழமுள்ள நீர். அதனுள் களிற்றையும் கொன்று வீழ்த்தும் முதலை. அத்தகையவனை, அவன் செய்த நுட்பமான செயல்கள் பலவற்றையும் எண்ணாது ‘இளையன்’ என இகழ்ந்தால் வெற்றி பெறுதல் அரிது என்கிறார் ஔவையார்.

நெடும்புனலில் இருக்கும்வரை முதலை வெல்லும் என்பது திருக்குறள் (495). ஔவையாரோ முதலையைக் கணுக்கால் அளவு நீரில் வைக்கிறார். ஆழமின்மையே பகைவரை ஏமாற்றுகிறது. அரசனின் இளமையும் அத்தகையதே. ‘இளையன்’ என்பது இங்குப் புலவரின் மதிப்பீடன்று, பகைவர் வாய்ச்சொல். அதற்கு மறுமொழியாக அவர் முன்வைப்பது சினத்தையன்று, செயல்களை.

சிறுவர் என்னும் அளவுகோல்

94ஆம் பாடலிலும் இதே ஊர்ச் சிறுவர் இடம்பெறுகின்றனர். அங்கு நீர்த்துறையில் படிந்த களிற்றின் வெண்கோட்டை அவர்கள் கழுவுகின்றனர். அக்களிறு அதியமானுக்கு உவமை. 104இலோ களிறு பகைவருக்கு உரியது, முதலையே அதியமான். உவமை மாறினும் சிறுவர் மாறவில்லை. ஒன்றில் களிற்றருகே, மற்றொன்றில் முதலை வாழும் நீரில், அவர்கள் அச்சமின்றி உள்ளனர். வலியோரை வீழ்த்தும் ஆற்றல் எளியோருக்குத் தீங்காவதில்லை என்பதே இரு பாடல்களையும் இணைத்து வாசிக்கும்போது பெறப்படும் கருத்தாகும்.

முடிவுரை

அடங்காமையின் விலையையும் வரலாறு காட்டுகிறது. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து போற்றுகிறது. எனினும் ஔவையார் கிளர்ச்சியை வெற்றியால் மட்டும் அளக்கவில்லை. யாரை எதிர்க்கிறது, யாரை அஞ்சாது வாழவிடுகிறது என்பதாலும் அளக்கிறார். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது முதல் பல மொழி பேசும் இளந்தொழிலாளர் கூடும் ஓசூர்ப் பகுதியில், ‘அனுபவமற்றவர்’ என்னும் சொல் இன்றும் எளிதில் வழங்கப்படுகிறது. வயதை எண்ணிச் செயலை எண்ணாத அப்பார்வையை இந்நிலத்தின் பழம்பாடல் ஒன்று ஆறடிகளில் மறுத்துள்ளது. இளமையின் கிளர்ச்சியை ஆராய்வோர் அதன் வேகத்தோடு, அதன் அருகில் விளையாடும் சிறுவரையும் கருத்திற்கொள்ள வேண்டும்.