கல்முனைக் கரையில் மோட்டார் கார்: நினைவும் வரலாறும்

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் சாசனங்களும் நினைவுக்கு வருதல் இயல்பு. எனினும், மக்கள் தம் வாழ்நாளிற் பயன்படுத்திய பொருள்களும், அவை பற்றி அவர்கள் கூறும் செய்திகளும் சமூக வரலாற்றுக்குரிய சான்றுகளேயாம். கல்முனைப் பகுதியின் வசதி படைத்த குடும்பங்களில் முதியோர் தாம் வைத்திருந்த கார்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திக் கூறுவதைக் கேட்கலாம். முதலில் ஒஸ்டின், அடுத்து மொரிஸ் மைனர், பின்னர் ஜப்பானியக் கார் என்று அவ்வரிசை நீளும். உறவினரைப் பற்றிப் பேசுவதுபோன்ற பரிவு அப்பேச்சில் இழையோடும். அப்பரிவு எவ்வாறு தோன்றியது என்பதையும், வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுமிடத்து அதன் பெறுமதி யாது என்பதையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கைக்கு முதலாவது மோட்டார் கார் 1902ஆம் ஆண்டில் வந்தது. 1904இல் மோட்டார்க் கார் உரிமையாளருக்கென ஒரு சங்கமும் தோன்றியது. கொழும்பிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த ஐரோப்பியத் துரைமாரும் உள்நாட்டுச் செல்வந்தருமே தொடக்க காலக் கார்களின் உடைமையாளராவர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையிலோ கரத்தையும் தோணியுமே நெடுங்காலம் போக்குவரத்துச் சாதனங்களாக இருந்தன. மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 25 மைல் தொலைவிலுள்ள கல்முனைக்கு வருவோர் கல்லடியில் வாவியைக் கடந்தாக வேண்டும். 1924இல் அங்கு பாலம் திறக்கப்பட்டது. அன்றைய தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயரால் அது வழங்கிற்று. ஒரு வேளையில் ஒரு திசையில் மாத்திரமே வாகனம் செல்லக்கூடிய ஒடுங்கிய இரும்புப் பாலமாயினும், தென்பகுதிக் கிராமங்களுக்கு மோட்டார் வண்டி தடையின்றி வருவதற்கு அதுவே வழிகோலியது. 1928இல் புகையிரதப் பாதையும் மட்டக்களப்பை எட்டியது.

கார் கல்முனைச் சமூகத்தில் வேரூன்றியதற்கு வயலே அடிப்படையாகும். இப்பிரதேசத்துப் பெருநிலக்காரர் தமிழராயினும் முஸ்லிம்களாயினும் போடியார் என வழங்கப்பெற்றனர். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் அணைக்கட்டு எழுந்தது. நெல்லுக்கு அரசாங்கம் உத்தரவாத விலையும் வழங்கிற்று. இவற்றால் நிலமுடையோர் கையிற் பணம் புழங்கலாயிற்று. வட்டைக்கு உழவு இயந்திரம் வந்த காலத்திலேயே போடியாரின் முற்றத்துக்குக் காரும் வந்தது. வணிகரும் வைத்தியரும் சட்டத்தரணிகளும் அவர்களைப் பின்தொடர்ந்தனர்.

அக்காலக் கார்களுட் பெரும்பாலானவை பிரித்தானியாவிலிருந்து வந்தவை. அவற்றுள் மொரிஸ் மைனர் தனித்து நோக்கத்தக்கது. அலெக் இசிகோனிஸ் என்பாரின் தலைமையில் உருவான இக்கார் 1948இல் அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் 918 கனசென்ரிமீற்றர் இயந்திரத்தைக் கொண்டிருந்த அது, 1956இல் 948 ஆகவும் 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. எளிய அமைப்பும் குறைந்த எரிபொருட் செலவும் உடையதாதலால், சிறுபட்டினக் கராஜில் ஒரு மெக்கானிக் தம் கையிலுள்ள சில ஆயுதங்களைக் கொண்டே அதனைக் கழற்றிப் பூட்ட முடிந்தது. 1971இல் பிரித்தானியாவில் அதன் உற்பத்தி நின்றுவிட்ட பின்னரும் இலங்கையில் அதன் வாழ்வு நிற்கவில்லை.

கார் ஓரிருவர் வீட்டிலேயே இருந்த ஊரில் அது முற்றாக ஒருவருக்கு மட்டும் உரியதாக இருத்தல் இயலாது. பிரசவ வேதனையுற்ற பெண்ணை நள்ளிரவில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும், மாப்பிள்ளையை அழைத்துவரவும், ஹஜ்ஜுக்குச் செல்வோரை வழியனுப்பவும் அயலவர் அதனையே நாடினர். ஆதலால் காரைப் பற்றிய நினைவு ஒரு குடும்பத்தின் எல்லையைக் கடந்து தெருவின் நினைவாகவும் விரிந்தது.

காரின் இலக்கத்தை நினைவிற் கொள்ளும் வழக்கமும் இங்கு நோக்கற்பாலது. 1957க்கு முன் பதிவான கார்கள் ஈ.என்., ஈ.எல்., ஈ.வை. முதலிய ஆங்கில எழுத்துக்களைத் தாங்கின. இவை சிலோன் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து எடுக்கப்பட்டவை. 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தைத் தொடர்ந்து, 1957 முதல் புதிய வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வழங்கப்பட்டது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்துத் தார் பூசும் இயக்கத்தை நடத்திற்று. 1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் கல்முனைத் தொகுதி அக்கட்சியின் வேட்பாளரான எம். எஸ். காரியப்பரையே தெரிவு செய்திருந்தது என்பதை ஈண்டு நினைவு கூரலாம். ஆகவே, "எங்கள் கார் ஈ.என். கார்" என்று ஒரு முதியவர் கூறும்போது அவர் அதன் வயதை மட்டும் கூறவில்லை. மொழிப் பிரச்சினைக்கு முந்திய ஒரு காலத்தையும் அவர் சுட்டுகின்றார்.

இனி, கார்மீது கொண்ட பரிவின் பொருளாதாரப் பின்னணியை நோக்குவோம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றவே, கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை இந்நிலை பெரிதும் நீடித்தது. உபாலி விஜயவர்தனவின் நிறுவனம் பியட், மஸ்டா கார்களை உள்நாட்டிற் பொருத்தி விற்றமையும் இச்சூழலிலேயாகும். புதிய கார் வாங்க இயலாதவிடத்துப் பழைய காரைக் காப்பாற்றியே ஆகவேண்டும். கல்முனையிலோ வீட்டுக்கு அண்மையிற் கடல். உப்புக்காற்று தகட்டை அரிக்கும். மொரிஸ் மைனரின் உடலும் அடித்தளமும் ஒன்றாக அமைந்தவையாதலால், தளத்தகடு துருப்பிடிப்பின் காரின் உறுதியே குலையும். எனவே கழுவுதலும், துருவைச் சுரண்டி ஒட்டுப்போடுதலும், கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கடைச்சற்பட்டறையிற் செய்வித்தலும் இடையறாத வேலைகளாயின. இருபது முப்பது ஆண்டுகள் இவ்வாறு பேணப்பட்ட பொருள் குடும்பத்தின் உறுப்பாக மாறியதில் வியப்பில்லை. பரிவு என்று இன்று தோன்றுவது அன்று கட்டாயத்திற் பிறந்த உழைப்பேயாகும். இத்திறன் பின்னர் வேறொரு வகையிலும் பயன்பட்டது. பிரித்தானியாவின் பாத் நகரிலிருந்த ஒரு நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1990களில் இலங்கையில் மொரிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் தயாரிக்கப்பட்டு அக்காரின் தாயகத்துக்கே அனுப்பப்பட்டன.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. இலங்கையைப் போன்றே ஜப்பானிலும் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகவே செல்வதால், அங்கு பயன்படுத்தப்பட்ட கார்களை மாற்றமின்றி இங்கு ஓட்டலாம். கார் வைத்திருப்போர் தொகை பெருகிற்று; ஒரு காரை வைத்திருக்கும் காலமோ குறுகிற்று. போர்க்காலச் சோதனைச் சாவடிகளும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளும் இக்கரையின் நினைவுகளிற் பெருந்துயர்களாகப் பதிந்துள்ளன. கடற்கோளில் மனித உயிர்களே பெருந்தொகையாக அழிந்தமையால், காரின் இழப்பை எவரும் தனித்துப் பேசுவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இதற்கிடையில் 2022இல் எரிபொருட் பங்கீடு வந்தது. காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்பதே தொடக்க அளவு. 1960களிற் பாட்டனார் செய்ததைப் பேரர் மீண்டும் செய்யலாயினர்.

இந்நினைவுகளைச் சான்றாகக் கொள்ளுமிடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். அவை உடைமையாளரின் நினைவுகள். அக்காரை ஓட்டிய சாரதியும், அதன் அடியிற் படுத்து எண்ணெய் வடிய உழைத்த மெக்கானிக்கும் அவற்றில் அரிதாகவே பெயர் பெறுகின்றனர். காருக்கு விலை கொடுத்த நெல்லை விளைவித்த முல்லைக்காரன் அறவே இடம்பெறுவதில்லை. கரத்தையிலும் சைக்கிளிலும் காலத்தைக் கழித்த பெரும்பான்மையோரின் பார்வையில் அதே கார் வேறு பொருள் தந்திருக்கும். அந்தஸ்தின் சின்னமாகவும், ஆபத்து வேளையிற் கைகூப்பி இரந்து பெறவேண்டிய உதவியாகவும் அது அவர்களுக்குத் தோன்றியிருத்தல் கூடும்.

ஆதலின் உடைமையாளரின் வாய்மொழியோடு, உரிமை மாற்றங்களைக் காட்டும் பழைய பதிவுப் புத்தகங்களும், கராஜ்க் கணக்குக் கொப்பிகளும், சாரதிகள், மெக்கானிக்குகள் ஆகியோரின் வாய்மொழிகளும் ஒருங்கு சேர்க்கப்படல் வேண்டும். ஈ.என். காரை இளமையில் ஓட்டியோர் இன்று எண்பது வயதைக் கடந்துவிட்டனர். கல்முனைக்கு அண்மையில் ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. அங்கும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் பயிலும் இப்பகுதி மாணவர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, முதலிற் போடியாரின் வீட்டு வாசலுக்கன்றிக் கராஜின் வாசலுக்குச் செல்வாராயின், இவ்வரலாற்றின் எழுதப்படாத பாதி நமக்குக் கிடைக்கும்.