நலப்பணியிலிருந்து மக்கள் பணிக்கு: ஜாம்கேட் காட்டும் வழி

நம் பழைய பங்குகள் பலவற்றில் ஆலயத்தையும் பள்ளியையும் அடுத்து ஒரு மருந்தகம் இருப்பதைக் காணலாம். விடியற்காலையிலேயே தாய்மார் குழந்தைகளை மடியில் கிடத்தி அதன் திண்ணையில் காத்திருப்பர். சாதி சமய வேறுபாடு பாராமல் அருட்சகோதரிகள் ஆற்றிவந்த அந்தப் பணிக்குத் தமிழகத்தின் சிற்றூர்கள் பெரிதும் கடன்பட்டுள்ளன. எனினும் அத்திண்ணையில் நெடுநேரம் அமர்ந்து பார்த்தவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் போகாது. சென்ற மாதம் வயிற்றுப்போக்குடன் வந்து நலம்பெற்றுச் சென்ற அதே குழந்தை, இம்மாதமும் அதே நோயுடன் வருகிறதே, அப்படியானால் நாம் எதைக் குணப்படுத்தினோம்?

இக்கேள்வியைத் தட்டிக் கழிக்காமல், அதற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட இரு மருத்துவர்களின் வரலாற்றை இங்கு நினைவுகூர விரும்புகிறேன். அவர்கள் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவர்கள் அல்லர், பிரிந்த சகோதரர்கள். ஆனால் நற்செய்தியின் மனிதநேயம் எங்கு மலர்ந்தாலும் அதனை இனங்கண்டு போற்றுமாறு நம்மைப் பழக்கியது இரண்டாம் வத்திக்கான் சங்கம்.

திரும்பி வந்த நோயாளிகள்

ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே ஆகிய இருவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், குடியாத்தம் சாலையில் மரத்தடி தோறும் வண்டியை நிறுத்தி மருத்துவம் பார்த்த ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய கல்லூரி அது. 1960இல் திருமணம் செய்துகொண்ட அவர்கள், கிராமத்து ஏழைகளுக்கே வாழ்வை அளிப்பதென்று சேர்ந்து உறுதிபூண்டனர்.

மராட்டிய மாநிலத்தின் அகமதுநகர் மாவட்டத்தில் (இன்று அது அகில்யாநகர் எனப் பெயர் மாறியுள்ளது) வடாலா என்னும் ஊரின் மிஷன் மருத்துவமனையில் 1962 முதல் சில ஆண்டுகள் பணியாற்றினர். கூட்டம் பெருகியது, பெயரும் பெருகியது. ஆனால் ஒன்றை அவர்கள் கவனித்தனர். வந்த நோய்களுள் பெரும்பாலானவை வராமலே தடுக்கக் கூடியவை. நலம்பெற்று வீடு திரும்பியவர்கள் அதே அழுக்கு நீரையே குடித்து, அதே பசியில் கிடந்து, மீண்டும் வாயிலில் வந்து நின்றனர். தொலைவிலிருந்த சேரிகளின் மக்களோ வரவே இல்லை. மருத்துவமனை எத்துணை வளர்ந்தாலும் ஊரின் நலம் வளரவில்லை.

மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்ற இருவரும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்றனர். அங்கு அவர்களுக்கு ஆசிரியராக வாய்த்த கார்ல் டெய்லர், முசோரியில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இந்தியக் கிராமங்களை அறிந்தவர். 1970இல் தாயகம் திரும்பிய ஆரோலே தம்பதியர், மழை மறைவுப் பகுதியான ஜாம்கேட்டைத் தேர்ந்தனர். வானம் பொய்த்தால் குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டக் கூலிக்குப் புறப்பட்டுவிடும் மக்கள் அவர்கள். ஊர்த்தலைவர்கள் அழைத்தால் மட்டுமே வருவது என்ற நிபந்தனையுடன் வந்த மருத்துவர்களுக்கு, கைவிடப்பட்டிருந்த கால்நடை மருந்தகக் கட்டடம் கிடைத்தது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரைப் பின்பற்றுவோருக்கு அது குறையாகத் தோன்றியிராது.

உணவும் நீரும்

ஏறத்தாழ 40,000 மக்கள் வாழ்ந்த முப்பது கிராமங்களுடன் பணி தொடங்கியது. மருத்துவர்கள் மக்களிடம் சென்று, உங்கள் முதல் தேவை யாது என்று வினவினர். மருந்து என்று எவரும் சொல்லவில்லை. சோறும் தண்ணீரும் என்றனர். அப்போது மராட்டியத்தைக் கொடும் வறட்சி வாட்டிக்கொண்டிருந்த காலம். தாங்கள் கற்று வந்த மருத்துவத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, மக்கள் சொன்னதிலிருந்தே தொடங்குவதென்று ஆரோலே தம்பதியர் முடிவு செய்தனர். குழந்தைகளுக்குப் பொதுச் சமையற்கூடங்கள் எழுந்தன. பின்னர் குடிநீருக்காக ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன.

இங்குதான் இவ்வரலாற்றின் முதல் திருப்பம் நிகழ்ந்தது. கிணறு எங்கே அமைவது? ஊர்க்கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை தலித் மக்களுக்கு இல்லாத காலம் அது. மேல்சாதிப் பெண் ஒருத்தி மனமிரங்கி ஊற்றினால் உண்டு, இல்லையேல் இல்லை. ஆரோலே தம்பதியர் இதைக் கண்டித்து மேடை போடவில்லை. நீரோட்டம் பார்க்க வந்தவரைத் தலித் குடியிருப்பின் பக்கமே பார்க்கச் செய்தனர். அங்கேயே நீர் கிடைத்தது. அங்கேயே கைக்குழாய் நின்றது. தாகம் சாதியை விடப் பெரியது. ஊரார் குடத்துடன் அத்தெருவுக்கு வந்தனர்.

சீக்கார் ஊரின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட இயேசுவை நாம் அறிவோம். யூதரும் சமாரியரும் ஒரு பாத்திரத்தில் புழங்காத நாளில், கொடுப்பவராக அன்றி, கேட்பவராக அவர் அங்கு அமர்ந்தார். தாழ்த்தப்பட்டவளின் கையிலிருந்து நீரைப் பெற அவர் ஆயத்தமாயிருந்ததால்தான், அவள் தன் ஊர் முழுமைக்கும் நற்செய்தியாளர் ஆனாள். ஜாம்கேட்டின் கைக்குழாய்கள் யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்துக்கு எழுதப்பட்ட விளக்கவுரை என்றே எனக்குத் தோன்றுகிறது.

எழுதப் படிக்கத் தெரியாத ஆசிரியைகள்

தொடக்கத்தில் பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமங்களில் தங்கச் செய்தனர். அது பலன் தரவில்லை. வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்களால் அங்குத் தனித்து வாழ இயலவில்லை. ஊராரும் அவர்கள் சொல்லுக்குச் செவிகொடுக்கவில்லை. அப்போது கிராமத் தலைவர் ஒருவர், எங்கள் ஊர்ப் பெண்ணையே பழக்கினால் என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவரே கிராம நலப் பணிப்பெண்.

ஊரார் தேர்ந்தனுப்பிய பெண்களுள் பலர் எழுத்தறியாதவர். தலித் பெண்கள் பலர். கணவனால் கைவிடப்பட்டோரும் உண்டு. வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து, தங்கிப் பயின்று, திரும்பினர். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் வயிற்றுப்போக்குற்ற குழந்தையைக் காப்பது, கருவுற்ற தாயைப் பேணுவது, தூய்மையாகப் பேறு பார்ப்பது, காசநோயையும் தொழுநோயையும் தொடக்கத்திலேயே கண்டுகொள்வது ஆகியவற்றைப் படங்களாலும் பாட்டுகளாலும் கற்றனர்.

பயிற்சிக்கு வந்தோரிடையே சாதியும் வந்தது. சேர்ந்து உண்ணவும் உறங்கவும் தயங்கினர். அனைவரும் போர்த்துக்கொள்ளுமாறு மிகப் பெரிய போர்வை ஒன்று ஆயத்தம் செய்யப்பட்டது. குளிர் மிகுந்த இரவில் அந்த ஒரே போர்வைக்குள் எல்லாரும் படுத்தாக வேண்டும். சமத்துவம் பற்றிய சொற்பொழிவுகளால் ஆகாதது, நாளடைவில் அப்போர்வைக்குள் ஆயிற்று.

மருத்துவ அறிவைவிட இப்பெண்கள் முதலில் பெற்றது தன்மதிப்பு. பெயர் சொல்லியும் அழைக்கப்படாதிருந்தவள், நள்ளிரவில் ஊரார் கதவைத் தட்டி அழைக்கும் ஒருத்தியானாள். மேல்சாதி வீட்டின் வாயிற்படி மிதிக்கக் கூடாதிருந்தவள், அவ்வீட்டுப் பிள்ளையைத் தன் கைகளில் ஏந்திப் பிறப்பித்தாள். தொழுநோயாளரைத் தனியே ஒதுக்காமல், ஏனைய நோயாளருடன் ஒரே இடத்தில் மருத்துவம் பார்க்கும் வழக்கமும் ஜாம்கேட்டில் வேரூன்றியது.

மருந்துக்கு அப்பால்

நலம் என்பது தனித்து நிற்பதன்று. ஊட்டச்சத்து வேண்டுமெனில் விளைச்சல் வேண்டும். விளைச்சலுக்கு மண்ணும் நீரும் வேண்டும். பெண் தன் குழந்தைக்கு நல்லுணவு தர வேண்டுமெனில் அவள் கையில் சிறிதேனும் பணம் வேண்டும். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாக, நலப்பணி சமூக மேம்பாடாக விரிந்தது. யாரோ வகுத்தளித்த திட்டத்தால் அன்று, அன்றாடத் தேவையின் நிர்ப்பந்தத்தால் அது விரிந்தது.

உழவர் மன்றங்கள் தோன்றின. ஆடவர் நலவாழ்வு பற்றிக் கேட்க வரமாட்டார்கள்; கைப்பந்து ஆடவும், பயிரையும் கால்நடையையும் பற்றிப் பேசவும் வருவார்கள். அப்படிக் கூடியவர்களே பின்னர் தடுப்பணை கட்டினர், மண்ணரிப்பைத் தடுத்தனர், மரம் நட்டனர். அவர்களைத் தொடர்ந்து மகளிர் மன்றங்களும் எழுந்தன. வங்கியின் வாசலையே கண்டிராத பெண்கள் கடன் பெற்று, ஆடு வளர்த்தும் சிறுவணிகம் செய்தும் அதனைத் திருப்பிச் செலுத்தினர். குழந்தை மணம், பெண் குழந்தையைப் புறக்கணித்தல் ஆகியவை குறித்து அவர்களே தம் ஊரில் பேசத் தொடங்கினர்.

விளைவு என்ன? ஜாம்கேட் திட்டத்தின் பதிவேடுகளின்படி, 1971இல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 176 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1976இல் அவ்வெண்ணிக்கை 52 ஆயிற்று. 1990களில் 26 ஆகக் குறைந்தது. நன்றாகக் கவனியுங்கள்: பெருவீழ்ச்சி முதல் ஐந்தாண்டுகளிலேயே நிகழ்ந்துவிட்டது. அதனை நிகழ்த்தியவை தூயநீர், உணவு, உப்புச் சர்க்கரைக் கரைசல், தூய்மையான பேறு ஆகிய எளியவையே.

உலகச் சுகாதார நிறுவனம் 1975இல் வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கேட்டின் பட்டறிவு இடம்பெற்றது. 1978இல், அன்றைய சோவியத் நாட்டின் அல்மா அட்டா நகரில், அனைவர்க்கும் அடிப்படை நலவாழ்வு என்னும் புகழ்பெற்ற சாற்றுரை வெளியான போது, அதன் பின்னணியில் இருந்த முன்மாதிரிகளுள் ஜாம்கேட்டும் ஒன்று. 1979இல் ஆரோலே தம்பதியர் இருவருக்கும் மகசேசே விருது வழங்கப்பட்டது. மேபல் 1999இலும், ரஜனிகாந்த் 2011இலும் இறைவனடி சேர்ந்தனர். 2005இல் நடுவண் அரசு தொடங்கிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் ‘ஆஷா’ பணிப்பெண்களிடம் ஜாம்கேட் பெண்களின் சாயலைக் காணலாம்.

நம் பங்கில் கிணறு எங்கே?

அன்பு வாசகர்களே, பிறர் பெருமையைப் பேசி மகிழ்வதோடு நின்றுவிட எனக்கு உரிமை இல்லை. என் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் இளங்குருவாகப் பொறுப்பேற்ற ஒரு பங்கில், கோடையில் குடிநீருக்குப் பெரும் தட்டுப்பாடு. நன்கொடையாளர் ஒருவர் ஆழ்துளைக் கிணறு அமைக்கப் பணம் அளித்தார். பங்குப் பேரவை கூடியது. கோயில் வளாகத்துக்குள் அமைந்தால் பாதுகாப்பாக இருக்கும் என்றனர் பெரியவர்கள். நானும் இசைந்தேன். காலனியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் எழுந்து ஏதோ சொல்ல முற்பட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு அமர்ந்துவிட்டார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவில்லை.

கிணறு அமைந்தது, மந்திரித்தேன். மாலை ஆறு மணிக்கு வளாகக் கதவு பூட்டப்படும். கூலி வேலை முடிந்து காலனிப் பெண்கள் வீடு திரும்புவது அதற்குப் பிறகுதான். அவர்கள் பழைய பாசிக்கிணற்றையே நம்பியிருந்தனர். மழைக்காலத்தில் எங்கள் மருந்தகத்துக்கு வயிற்றுப்போக்குடன் குழந்தைகள் வரத் தொடங்கினர். ஒருநாள் மருந்தகப் பொறுப்புச் சகோதரி பதிவேட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். “ஃபாதர், நோயைப் பார்க்காதீர்கள், தெருப்பெயரை மட்டும் பாருங்கள்” என்றார். எல்லாம் ஒரே தெரு.

மறுவாரமே கதவின் சாவி ஒன்றைக் காலனிப் பெண்களிடம் கொடுத்தேன். முணுமுணுப்பு எழுந்தது, சிலர் சில ஞாயிறுகள் திருப்பலிக்கு வரவில்லை. காலனியிலேயே ஒரு கிணறு அமைக்க எடுத்த முயற்சி, எனக்கு மாற்றல் வரும்வரை நிறைவேறவில்லை. நாங்கள் திரும்பத் திரும்ப மருந்து கொடுத்த அந்த நோய்க்கு, என் கையெழுத்தும் ஒரு காரணம் என்பதை நான் மறக்கவில்லை. மறைக்கல்வியில் சமத்துவம் கற்பித்த நானே, கிணற்றுக்கு இடம் குறித்தபோது பெரியவர் முகத்தையே பார்த்தேன்.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் வெளியிட்ட மக்கள் முன்னேற்றம் குறித்த சுற்றுமடல், உண்மையான வளர்ச்சி என்பது முழு மனிதரின் வளர்ச்சியாகவும் எல்லா மனிதரின் வளர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்று கற்பிக்கிறது. ‘எல்லா மனிதர்’ என்பதை நம் பங்குகளில் எவ்வாறு அளப்பது? நம்மிடம் எத்தனை படுக்கைகள், எத்தனை கட்டடங்கள் உள்ளன என்பதால் அன்று. நம் கிணறு எந்தத் தெருவில் இருக்கிறது, அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதாலேயே அளக்க வேண்டும். பங்குப் பேரவைகளில் அமரும் பொதுநிலையினராகிய நீங்கள் அந்தக் கேள்வியை எழுப்பினால், எந்தப் பங்குத்தந்தையும் அதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும். எழுந்து நின்று, சொல்லாமல் அமர்ந்துவிடுபவரைக் கண்டால், அவரைப் பேச வையுங்கள்.

1988இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நடந்த மாநாடொன்றில், முக்தாபாய் என்னும் ஜாம்கேட் பணிப்பெண் பேசினார். மண்டபத்தில் ஒளிர்ந்த விலையுயர்ந்த விளக்குகளைச் சுட்டி, இவை அழகானவை, ஆனால் எளியோருக்கு எட்டாதவை என்றார். தம்மைப் போன்றோரோ சிறு அகல்கள் என்றும், ஓர் அகல் மற்றோர் அகலை ஏற்றும் என்றும் சொல்லி அமர்ந்தார். அவையினர் எழுந்து நின்று கைதட்டினர். பாஸ்கா இரவில் இருண்ட ஆலயத்தில் ஒரே திரியிலிருந்து மெழுகுதிரி மெழுகுதிரியாக ஒளி பரவுவதை ஆண்டுதோறும் காணும் நமக்கு, அந்தக் கிராமத்துப் பெண் சொன்னது புதிதன்று. நம் தெருவின் கடைக்கோடி வீடுவரை அதனைக் கொண்டுசெல்லும் அருளை ஆண்டவர் நமக்கு அளிப்பாராக.