தங்கம் திரையரங்கு, மதுரை

தங்கம் திரையரங்கு என்பது மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இயங்கி, பின்னர் இடிக்கப்பட்ட ஒற்றைத் திரை அரங்கமாகும். தொடர்வண்டி நிலையத்திற்கு அருகில் அமைந்ததால் நகரத்தாரோடு சுற்றுவட்டாரக் கிராமத்தினரும் இங்கே படம் பார்க்கத் திரண்டனர்.

1952-ஆம் ஆண்டு தீபாவளியன்று ‘பராசக்தி’ திரைப்படத்துடன் இது திறக்கப்பட்டது. மு. கருணாநிதி திரைக்கதை வசனம் எழுதி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய அப்படமே சிவாஜி கணேசனின் முதல் படம். படத்தின் கோயில் காட்சியும் வசனங்களும் எதிர்ப்பைக் கிளப்பித் தடைக் கோரிக்கை வரை சென்றன. ஆகவே இவ்வரங்கின் தொடக்கம் தமிழ்த் திரை வரலாற்றோடு திராவிட இயக்க வரலாற்றிலும் இடம்பெறத் தக்கது.

இருக்கைகள் 2,563 எனப் பரவலாகக் குறிக்கப்படுகின்றன. ஆசியாவின் மிகப் பெரிய திரையரங்கு என்ற பெயரும் அதற்கு வழங்கியது. ஒரே காட்சிக்கு ஒரு சிற்றூரின் மக்கள்தொகை அளவுக்குக் கூட்டம் தேவைப்பட்ட அப்பேரளவே பிற்காலத்தில் சுமையானது. தொலைக்காட்சியும் வீடியோவும் பரவியபின், புதிய படங்கள் பல அரங்குகளில் ஒரே நாளில் வெளியாகும் வழக்கமும் வந்தது. கூட்டம் சிதறியது. நகர மையத்து நிலத்தின் மதிப்போ உயர்ந்துகொண்டே போனது.

1990-களில் காட்சிகள் நின்றன. பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்த கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஜவுளிக்கடை எழுந்தது. மூத்த மதுரைக்காரர்கள் அப்பகுதிக்கு வழிசொல்ல இன்றும் தங்கம் தியேட்டரையே அடையாளமாகக் கூறுவர்.